டெல்லிக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா? – வசந்த விடுமுறைப் பயணம் கற்றுத் தந்தவை

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் கல்லூரி விடுமுறை. நண்பர்கள் ஐந்து பேர் டெல்லிக்குப் போய்வரலாம் என்று முடிவு செய்தோம். வீட்டில் சொன்னதும் ஐந்து வீட்டிலும் வந்த முதல் பதில் ஒன்றுதான்: "இப்ப இருக்குற நிலைமையில வடக்கே எதுக்கு?"

அந்தக் கேள்வியில் தவறில்லை. செய்திகளில் நாம் பார்க்கும் டெல்லி அச்சமூட்டும் டெல்லிதான். பாடப்புத்தகத்தில் படித்த டெல்லியோ அரசர்களின் பெயர்ப் பட்டியல். இரண்டுக்கும் நடுவே, கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு டெல்லி இருக்கிறது. நம் சமுதாயத்தின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு டெல்லியும் இருக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாங்கள், பெற்றோர்களும் எங்களைப் போன்ற மாணவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை என்று நினைப்பவற்றை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் ஐவரில் ஒருவர் காயல்பட்டினம், ஒருவர் கீழக்கரை, ஒருவர் மேலப்பாளையம், ஒருவர் கம்பம், ஒருவர் வாணியம்பாடி. முதல் இருவர் ஷாஃபி மத்ஹப், மற்ற மூவர் ஹனஃபி. வாணியம்பாடி நண்பரின் வீட்டு மொழி உருது. மற்ற நால்வருக்கும் உருது ஒரு வரிகூடத் தெரியாது. இந்த விவரத்தை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பயணம் முழுவதும் இதுதான் எங்களைத் தொடர்ந்து வந்தது.

ரயிலில் இரண்டு இரவுகள்

சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் மூன்றாம் நாள் காலை புது டெல்லி. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் விஜயவாடா, வாரங்கல், நாக்பூர், போபால், ஆக்ரா என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போதுதான் நாடு எவ்வளவு பெரியது என்பது விளங்குகிறது. முடிந்தால் ஒரு வழியாவது ரயிலில் போங்கள். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும். விடுமுறை நாள்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் அன்றே பதிவு செய்துவிடுவது நல்லது.

ரயிலில் தொழுகை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உளூவுக்குத் தண்ணீர் நிற்காமல் போகலாம் என்பதால் இரண்டு பாட்டில்களை அதற்கென்றே வைத்திருந்தோம். கிப்லாவைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டோம். கதவருகே வழியை அடைத்துக்கொண்டு ஐந்து பேரும் ஒன்றாக நிற்காமல், ஒருவர் இருவராகத் தொழுதோம். எதிர் இருக்கையில் இருந்த வயதான மராட்டியத் தம்பதியர் எங்களுக்காகத் தங்கள் பெட்டிகளை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். இரவில் அந்த அம்மா எங்களுக்குச் சப்பாத்தியும் ஊறுகாயும் கொடுத்தார். நாங்கள் காயல்பட்டினத்து முட்டை வட்டிலப்பத்தைப் பகிர்ந்துகொண்டோம். வீட்டில் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு நாங்கள் அனுப்பிய முதல் செய்தி இதுதான்.

கிப்லா விஷயத்தில் ஒன்றைக் கவனித்தோம். சென்னையில் நாம் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே திரும்பி நிற்கிறோம். டெல்லியில் கிப்லா கிட்டத்தட்ட நேர் மேற்கு. சொல்லப்போனால் மூன்று பாகை அளவுக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். ஊரில் பழகிய கணக்கில் நின்றால் திசை தவறிவிடும்.

முதல் நாளே ஒரு பாடம்

டெல்லியில் இறங்கியதும் நடந்ததை மறைக்க விரும்பவில்லை. இணையத்தில் முன்பதிவு செய்திருந்த ஒரு விடுதியில், ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்த ஊழியர் உள்ளே போய்விட்டு வந்து "அறை இல்லை" என்றார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் வாக்குவாதம் செய்யவில்லை. பணத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி வேறொரு விடுதிக்குப் போனோம். அங்கே இருந்தவர் அதே அட்டைகளைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், சாவியைக் கொடுத்தார். டெல்லியில் இந்த இரண்டு வகை மனிதர்களும் இருக்கிறார்கள். ஆறு நாள்களில் முதல் வகையை நாங்கள் ஒரே ஒருமுறைதான் சந்தித்தோம். ஆனாலும் அந்த ஒருமுறை வலித்தது. புறப்படும் முன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர்கள் தங்கிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

குதுப் வளாகம்: 1311ஆம் ஆண்டின் இரண்டு முகங்கள்

மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் குதுப் மினார் நிலையம். அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் வளாகம் வந்துவிடும். மினாரின் உயரம் 72.5 மீட்டர். குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், இடி விழுந்து சேதமடைந்த மேல் தளங்களை 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் சீரமைத்தார். 1981இல் உள்ளே நெரிசலில் சிக்கிப் பலர் இறந்ததிலிருந்து மேலே ஏற அனுமதி இல்லை.

மினாருக்கு அருகில் உள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் தூண்களைப் பார்த்தால் அவை கோயில்களில் இருந்து கொண்டுவரப்பட்டவை என்பது உடனே தெரியும். 27 கோயில்களின் கற்கள் பயன்படுத்தப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எங்களுடன் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்த பிற மத நண்பர்களின் முகத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர் இதை மறைக்கவும் வேண்டாம். இதில் பெருமை கொள்ளவும் வேண்டாம். வெற்றி பெற்ற அரசர்கள் செய்ததை அரசர்கள் செய்ததாகவே சொல்லுங்கள். அதற்கு மார்க்கத்தைப் பொறுப்பாக்க வேண்டியதில்லை. அந்த அரசர்களை நம் பாட்டனார்களாக ஏற்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை, அதே வளாகத்தின் தெற்கு வாசலில் இருக்கிறது. அலாவுதீன் கில்ஜி 1311இல் கட்டிய அலாய் தர்வாஸா அது. சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் கலந்த அழகான சதுரக் கட்டடம். உண்மையான வளைவும் குவிமாடமும் இலக்கணம் பிசகாமல் அமைந்த, இந்தியாவின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று என்று கட்டடக் கலை அறிந்தவர்கள் இதைச் சொல்வார்கள்.

இந்த வாசல் எழுந்த அதே 1311இல்தான் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை படையெடுத்து வந்தார். பாண்டிய நாட்டின் யானைகளும் செல்வமும் டெல்லிக்குப் போயின. அந்தப் படையெடுப்பை எழுதிவைத்தவர் டெல்லியின் பெரும் கவிஞர் அமீர் குஸ்ரூ. கஸாயினுல் ஃபுதூஹ் என்ற தம் நூலில் அவர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். வீரபாண்டியனின் படையில் முஸ்லிம்கள் இருந்தார்களாம். அவர்களின் பழக்கவழக்கங்கள் டெல்லிக்காரர்களுக்குப் பாதி இந்துக்களைப் போலத் தெரிந்தனவாம். ஆனாலும் கலிமா சொல்லத் தெரிந்ததால் அவர்கள் உயிரோடு விடப்பட்டார்களாம்.

இதைப் படித்துவிட்டு அலாய் தர்வாஸாவின் நிழலில் உட்கார்ந்தபோது எங்களுக்கு ஒன்று தெளிவானது. டெல்லிப் படை தெற்கே வருவதற்கு முன்பே தமிழ் மண்ணில் முஸ்லிம்கள் இருந்தார்கள். படை வந்தபோது பாண்டியனின் பக்கம் நின்றார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அரபுக் குதிரைகள் வந்திறங்கிய பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற அரபு வணிகர் பாண்டிய மன்னனின் அமைச்சராகவே இருந்ததை பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கிறார். தமிழகக் கடற்கரைக்கு இஸ்லாம் வணிகர்களோடு கடல் வழியாக வந்தது.

அதே சமயம் எல்லோரும் ஒரே வழியில் வந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ராவுத்தர்களுக்குக் குதிரையோடு சேர்ந்த வரலாறு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியின் உருது பேசும் குடும்பங்கள் பல, பிற்கால ஆட்சிகளின் போது வந்தவை. கூடவே இந்த மண்ணிலேயே பிறந்து, தாமாக இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் ஏராளம். எங்கள் ஐந்து பேரின் ஊர்களே இதற்குச் சாட்சி. "நீங்க எல்லாம் முகலாயரோட வந்தவங்கதானே" என்று வகுப்பில் யாராவது கேட்டால், பிள்ளைகள் கோபப்படாமல் சொல்ல வேண்டிய பதில் இதுதான். முகலாயர் டெல்லியில் ஆட்சியைப் பிடித்ததே 1526இல்தான்.

பக்கத்திலேயே அலாய் மினார் நிற்கிறது. குதுப் மினாரைவிட இரண்டு மடங்கு உயரமாகக் கட்ட வேண்டும் என்று கில்ஜி தொடங்கியது. 1316இல் அவர் இறந்ததும் வேலை நின்றுவிட்டது. ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில் கல் குவியல் போல அப்படியே இருக்கிறது. இதற்கு நாங்கள் விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நிஜாமுத்தீன்: பெயரைக் கேட்டாலே பதறிய வீடு

மேலப்பாளையம் நண்பரின் வாப்பா 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய்த் திரும்பியவர். அந்த மாதம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நாட்டில் கொரோனா பரவியதற்கே தப்லீக் ஜமாஅத்தினர்தான் காரணம் என்பது போலத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் பேசின. நண்பருக்கு அப்போது 13 வயது. வாப்பாவைத் தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனார்கள். பரிசோதனையில் அவருக்குத் தொற்று இல்லை. ஆனாலும் வழக்கமாக வரும் பால்காரர் பல நாள் வரவில்லை. கூட விளையாடும் பையன்கள் வரவில்லை. வாப்பா வீடு திரும்பிய பிறகும் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லையாம். அந்த வீட்டில் "நிஜாமுத்தீன்" என்பது சொல்லக்கூடாத சொல்லாகிவிட்டது.

அதனால்தான் இந்தப் பயணத்துக்கு உம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. சம்மதம் சொன்னவர் வாப்பாதான். "போய்ட்டு வாங்க. பள்ளியில ரெண்டு ரக்அத் தொழுதுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

பிறகு நடந்தவற்றையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டுத் தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைத் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. வெளிநாட்டவர்களுக்குத் தங்க இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மீது போடப்பட்டிருந்த 16 வழக்குகளை 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றச்சாட்டு வந்தபோது ஒலித்த சத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தீர்ப்புகளுக்குக் கிடைக்கவில்லை. நம் வீடுகளிலாவது இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

பல காலம் பூட்டப்பட்டிருந்து மீண்டும் திறக்கப்பட்ட பங்களாவாலி மஸ்ஜிதில் நாங்கள் அஸர் தொழுதோம். நண்பர் வாசலில் நின்று வாப்பாவுக்கு வீடியோ அழைப்பு செய்தார். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் படிக்கட்டு பக்கத்துலதான் என் படுக்கை இருந்துச்சு" என்றார். தொடர்ந்து அரை மணி நேரம் பேசினார். ஆறு ஆண்டுகளாகப் பேசாததை எல்லாம் பேசினார். உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மர்கஸுக்குச் சில அடி தூரத்தில்தான் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம். 1325இல் மறைந்தவர். அதே ஆண்டில் மறைந்த அவருடைய மாணவர் அமீர் குஸ்ரூவும் அங்கேயே அடங்கியிருக்கிறார். தர்கா விஷயத்தில் எங்கள் ஐவருக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. ஒருவர் ஃபாத்திஹா ஓதினார், ஒருவர் கப்ருவாசிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வெளியே நின்றார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பள்ளிவாசலும் தர்காவும் ஒரே தெருவில் பல ஆண்டுகளாக இருக்கும் இடத்தில், ஐந்து நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அதே வளாகத்தில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகத்தின் கப்ரு இருக்கிறது. தாஜ்மஹாலைக் கட்டியவரின் மகளுக்கு மேற்கூரை கூட இல்லை. பளிங்குச் சுவருக்கு நடுவே, வானம் பார்த்த கப்ரு; அதன் மேல் மண்ணும் புல்லும். எங்களை அதிக நேரம் நிற்க வைத்த இடம் அதுதான். பெண்கள் நிஜாமுத்தீன் தர்காவின் உள் அறைக்குள் போக அனுமதி இல்லை என்பதைக் குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சாலையைக் கடந்தால் ஹுமாயூன் கல்லறை. கணவருக்காக ஹாஜி பேகம் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியது; தாஜ்மஹாலுக்கு முன்னோடி. தோட்டத்து மரங்களில் வசந்தத்தின் புதுத் தளிர்கள். 1857 செப்டம்பரில் கடைசி முகலாயப் பேரரசர் பஹதூர் ஷா ஸஃபர் இங்கேதான் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862இல் அங்கேயே மறைந்தார். ரங்கூன் என்றதும் கீழக்கரை நண்பர் நிமிர்ந்தார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் கடை வைத்திருந்த ஊர் அது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொழுத சூலியா பள்ளிவாசல் இன்றும் அங்கே இருக்கிறது.

ஜாமிஆ மஸ்ஜித்: "உருது தெரியாதா?"

ஷாஜஹான் 1650 முதல் 1656 வரை கட்டிய ஜாமிஆ மஸ்ஜிதுக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். முற்றத்தில் 25,000 பேர் வரை தொழலாம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட இந்தப் பள்ளி 1862இல்தான் முஸ்லிம்களிடம் திரும்ப வந்தது. படிக்கட்டுகளில் இறங்கினால் மவ்லானா அபுல் கலாம் ஆஸாதின் அடக்கத்தலம். பிரிவினை நேரத்தில், டெல்லி முஸ்லிம்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த 1947இல், "எங்கே போகிறீர்கள்?" என்ற பொருளில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்தப் பள்ளியில்தான்.

ஜும்ஆவுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். வாணியம்பாடி நண்பர் பதில் சொன்னார். பிறகு பெரியவர் எங்களிடம் திரும்பினார். நாங்கள் விழித்தோம். "மதராஸியா? உருது தெரியாதா? முஸ்லிம்தானே?" என்று அவர் கேட்டதை நண்பர் மொழிபெயர்த்தார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. உருது தெரியாத முஸ்லிமை அவர் பார்த்ததில்லை.

காயல்பட்டினம் நண்பர் சொல்லச் சொல்ல, வாணியம்பாடி நண்பர் உருதுவில் சொன்னார். எங்கள் ஊரில் குத்பாவுக்கு முன் பயான் தமிழில்தான். குர்ஆனைத் தமிழில் விளங்குகிறோம். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை உமறுப் புலவர் சீறாப்புராணமாகப் பாடியது தமிழில். எங்கள் பாட்டிமார் அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். பெரியவர் கடைசிச் செய்தியைக் கேட்டதும் நம்பவில்லை. நண்பர் கைப்பேசியில் இருந்த, பாட்டி கையால் எழுதிய அரபுத் தமிழ் ஏட்டின் படத்தைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒலி வருகிறது, பொருள் வரவில்லை. சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டினார்.

அவர் கேட்ட கேள்விக்கு ஊரிலேயே இருந்திருந்தால் நாங்கள் பதில் தேடியிருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் "நீ முஸ்லிமா, தமிழனா?" என்று கேட்பவர்களும், டெல்லியில் "உருது தெரியாதா?" என்று கேட்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஒரு மார்க்கத்துக்கு ஒரு மொழிதான் என்று நினைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொறுமையாக விளக்குகிற அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு நம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

தொழுகைக்குப் பிறகு துர்க்மான் வாசல் பக்கம் நடந்து, புல்புலி கானாவின் குறுகிய சந்துகளில் விசாரித்து விசாரித்து ரஸியா சுல்தானாவின் கப்ரைக் கண்டுபிடித்தோம். 1236 முதல் 1240 வரை டெல்லியை ஆண்ட பெண். வீடுகளுக்கு நடுவே திறந்த வெளியில் இரண்டு கப்ருகள், அவ்வளவுதான். சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லை. மகள்களோடு போகும் பெற்றோர் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

பழைய நாடாளுமன்றத்தின் முன்

கடைசி நாள் மாலை பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை வெளியே இருந்து பார்த்தோம். அதன் மைய மண்டபத்தில்தான் அரசியல் நிர்ணய சபை கூடியது. நெல்லைப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அந்தச் சபையின் உறுப்பினர். ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று வாதிட்டவர். ஒரு முஸ்லிம் தலைவர், டெல்லியில், தமிழுக்காக. ஜாமிஆ மஸ்ஜித் பெரியவரின் கேள்விக்கு இவர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டோமே என்று மேலப்பாளையம் நண்பருக்கு வருத்தம்.

தொழுகையில் கவனிக்க வேண்டியவை

டெல்லிப் பள்ளிவாசல்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. அதனால் அஸர் பாங்கு தாமதமாக வரும். ஷாஃபி கணக்கில் பழகியவர்கள் பாங்கு சொல்லவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கஸ்ரு விஷயத்திலும் வேறுபாடு உண்டு. போன இடத்தில் 15 நாள் தங்கும் எண்ணம் இல்லாதவரை ஹனஃபி மத்ஹபில் சுருக்கித் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க நினைத்தாலே பயணச் சலுகை நின்றுவிடும். எனவே ஒரே அறையில் எங்களில் மூவர் ளுஹரை இரண்டாகவும், இருவர் நான்காகவும் தொழுதோம். ஹனஃபி நண்பர் இமாமாக நின்றால் இரண்டில் ஸலாம் கொடுப்பார், மற்ற இருவர் எழுந்து நிறைவு செய்வார்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றும்போது எல்லோரும் முழுமையாகவே தொழ வேண்டும். ரயிலில் ஷாஃபி நண்பர்கள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதார்கள். ஹனஃபி நண்பர்கள் அந்தந்த நேரத்தில் தொழுதார்கள். புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

மார்ச்சில் டெல்லியின் காலை இதமான குளிர், நண்பகலில் நல்ல வெயில். ஏப்ரல் பாதிக்குப் பிறகு வெயில் தாங்காது. ஹோலி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. தொல்லியல் துறையின் நினைவிடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

பழைய டெல்லியின் மட்டியா மஹல் தெருவில் ஹலால் உணவுக்குப் பஞ்சமில்லை. காலையில் நிஹாரி, மாலையில் கபாப். மற்ற பகுதிகளில் இறைச்சியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் என்றால் பருப்பும் ரொட்டியும் எங்கும் கிடைக்கும்.

அடையாள அட்டையின் அசல் எப்போதும் கையில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு முன் அறைக்குத் திரும்பிவிடுவது, தினமும் இரண்டு வேளை வீட்டுக்குப் பேசுவது, யாரோடும் அரசியல் வாக்குவாதத்தில் இறங்காதது என்ற மூன்று விதிகளை ரயிலேறும் முன்பே எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். மூன்றையும் மீறவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, போகும் முன் பிள்ளைகள் கொஞ்சம் படித்துவிட்டுப் போகட்டும். படிக்காமல் போனால் குதுப் மினார் உயரமான கல் தூண்தான். 1311இல் மதுரையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போனால், அது நம்மோடும் பேசும்.

மேலப்பாளையம் நண்பரின் வாப்பா அடுத்த ஆண்டு, இன்ஷா அல்லாஹ், உம்மாவையும் அழைத்துக்கொண்டு டெல்லிக்குப் போகப் போகிறாராம். பயணச்சீட்டு போட்டுத் தரும் வேலை எங்களுடையது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்கித் தருவானாக!